108 கரணமும் ஒரு ஃப்ரீஸும்

சிதம்பரம் நடராசர் கோயில் கிழக்குக் கோபுர வாசல் வழியா உள்ள போகாத கடலூர் மாவட்டத்துக்காரன் அநேகமா இருக்க மாட்டான். ஆனா அந்த வாசலுக்குள்ள ரெண்டு பக்கச் சுவத்துலயும் கீழேர்ந்து மேல வரைக்கும் சதுரம் சதுரமா அடுக்கியிருக்கிற சின்னச் சின்னச் சிற்பங்களை நின்னு பார்த்தவங்க எத்தனை பேர்? செருப்பை எங்க விடறது, அர்ச்சனைச் சீட்டு எங்க வாங்கறதுங்கற யோசனையிலேயே தாண்டிப் போயிடுவோம்.

அந்தச் சதுரங்கள்ல இருக்கறது 108 கரணங்கள். பரதரோட நாட்டிய சாஸ்திரம் நாலாவது அத்தியாயத்துல சொல்ற ஆட்ட அலகுகள். நாலு கோபுரத்துலயும் இருக்கு. கிழக்கு, மேற்கு கோபுரங்கள்ல அந்தந்த கரணத்துக்கான சுலோகத்தையும் கிரந்த எழுத்துல மேல வெட்டி வெச்சிருக்காங்க. படமும் விளக்கமும் ஒரே இடத்துல. யூசர் மேனுவல் மாதிரி :-)

முன்னாடியே சொல்லிடறேன். நான் பரதநாட்டியம் கத்துக்கிட்டவன் இல்ல. கடலூர் ஓ.டி.யில வளர்ந்து, இஞ்சினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் வெஸ்டர்ன் குரூப் டான்ஸ் டீம்ல இருந்துட்டு, இப்போ சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கறவன். ஹிப்ஹாப் ஆடறவனோட கண்ணால சிதம்பரம் கோபுரத்தைப் பார்த்தா என்ன தெரியுதுங்கறதுதான் இந்தப் பதிவு. வித்வான்கள் மன்னிக்கவும்.

இந்தச் சிற்பங்களைப் பத்தி எங்க டீம் பசங்ககிட்ட பேச்சு வரும்போதெல்லாம் ஒருத்தன் தவறாம சொல்ற டயலாக் ஒண்ணு உண்டு: "பாத்தியா மச்சி, பிரேக் டான்ஸை நாமதான் கண்டுபுடிச்சிருக்கோம்!" அவன் அப்படிச் சொல்றதுக்குக் காரணம் இல்லாம இல்ல. லலாட திலகம்னு ஒரு கரணம். காலைத் தூக்கி அந்தக் கால் கட்டைவிரலாலயே நெத்தியில பொட்டு வெச்சுக்கற மாதிரி. விருச்சிகம்னு பேர் வர்ற கரணங்கள்ல, தேள் வாலைத் தூக்கற மாதிரி கால் பின்னாடி வளைஞ்சு மேல எழும்பும். பட்டியலோட கடைசிப் பக்கமா வர்ற சகடாஸ்யம், கங்காவதரணம் எல்லாம் பார்த்தா, நம்ம ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்களே ரெண்டு நிமிஷம் யோசிப்பாங்க.

நம்ம பேச்சுலயும் இதோட தடம் இருக்கு. குட்டிக்கரணம்னு சொல்றோம். "கரணம் தப்பினால் மரணம்"னு சொல்றோம். அது கம்பத்து மேல கயிறு கட்டி நடக்கிற கழைக்கூத்தாடியை வெச்சுச் சொல்றது. கோபுரத்துல தெய்வீகமா நிக்கிற அதே சொல், தெருவுல வயித்துப் பிழைப்புக்கு வித்தை காட்டறவனுக்கும் சொந்தமா இருந்திருக்கு. இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

ஆனா "நாமதான் கண்டுபுடிச்சோம்"ங்கறது தப்பு. ரெண்டுத்துக்கும் வம்சாவளித் தொடர்பு எதுவும் கிடையாது. பிரேக்கிங் எங்கேர்ந்து வந்ததுன்னு நல்லாவே தெரியும்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க், பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520-ம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. சிண்டி கேம்பல்ங்கற பொண்ணு, பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, புதுத் துணி வாங்கக் காசு வேணும்னு கீழ்த்தளக் கூடத்துல ஒரு பார்ட்டி வைக்கிறாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட். பாட்டுப் போடறது அவங்க அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவுல பிறந்து 1967-ல அமெரிக்கா வந்தவர். டி.ஜே. கூல் ஹெர்க்னு உலகம் பின்னாடி கூப்பிட்ட ஆள் இவர்தான்.

ஹெர்க் ஒரு விஷயத்தைக் கவனிச்சாரு. பாட்டு முழுக்க ஓடும்போது ஜனங்க சும்மா அசைஞ்சுக்கிட்டு இருக்காங்க. நடுவுல பாடறவங்க வாயை மூடி, வெறும் டிரம்ஸும் பேஸும் மட்டும் வர்ற சில விநாடிகள்ல மட்டும் வெறி புடிச்ச மாதிரி ஆடறாங்க. அந்த இடத்துக்குப் பேர் பிரேக். சரி, அதை மட்டுமே நீட்டினா என்னன்னு ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி எடுத்து, ரெண்டு டர்ன்டேபிள்ல மாத்தி மாத்திப் போட்டாரு. பத்து விநாடி பிரேக் பல நிமிஷத்துக்கு நீண்டுது. அந்த பிரேக்குக்கு ஆடினவங்க பி-பாய், பி-கேர்ள். பிரேக் டான்ஸ்ங்கற பேரு இங்கேர்ந்து வந்துது. எலும்பு பிரேக் ஆகறதால வந்த பேர் இல்ல!

அந்த ஏரியா எப்படி இருந்துதுன்னும் சொல்லணும். 1948-லேர்ந்து 1972 வரைக்கும் பிராங்ஸுக்கு நடுவால ஒரு எக்ஸ்பிரஸ் சாலை வெட்டினாங்க. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி பண்ணினாங்க. வசதி இருந்தவன் கிளம்பிட்டான். இல்லாத கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் தங்கிட்டாங்க. அந்தப் பிள்ளைங்க கிட்ட மேடை இல்ல, ஸ்டூடியோ இல்ல, வாத்தியார் இல்ல. இருந்தது உடம்பும், பழைய ரெக்கார்டும், தரையில விரிக்க ஒரு அட்டையும்தான். ஜேம்ஸ் பிரவுன் ஆட்டம், குங்ஃபூ படம், லத்தீன் நடனம் எல்லாத்துலேர்ந்தும் எடுத்துக் கோர்த்துக்கிட்டாங்க. அதனால "கண்டுபுடிச்சது நாமதான்"னு சொன்னா, அந்தப் பிள்ளைங்களோட ஒரே சொத்தையும் நாம பிடுங்கற மாதிரி ஆயிடும்.

சரி, அப்போ எதுக்கு ரெண்டையும் சேர்த்துப் பேசறே? மேட்டருக்கு வர்றேன்.

பிரேக்கிங்ல நாலு சமாச்சாரம் உண்டு. நின்னுக்கிட்டே ஆடறது டாப்ராக். கையை ஊன்றி தரையில காலை ஓட்டறது ஃபுட்வொர்க். முதுகுலயும் தலையிலயும் சுத்தறது பவர் மூவ். சட்டுனு ஒரு கோணத்துல உறைஞ்சு நிக்கிறது ஃப்ரீஸ். போட்டோவுல வர்றது எப்பவுமே ஃப்ரீஸ்தான். ஒரு கையில உடம்பைத் தாங்கி, கால் ரெண்டும் ஆகாசத்துல. பார்க்கறவங்க "ஆஹா!"ம்பாங்க.

ஆனா ஆடறவங்களைக் கேட்டுப் பாருங்க. ஃப்ரீஸ் கஷ்டம் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா அதைவிடக் கஷ்டம் அந்த ஃப்ரீஸுக்குள்ள போறதும் அதுலேர்ந்து வெளிய வர்றதும்னு சொல்லுவாங்க. எங்க டீம்ல ஒருத்தன் ஆறு மாசத்துல ஃப்ரீஸ் பிடிச்சுட்டான். ஆனா ஃபுட்வொர்க்லேர்ந்து அந்த ஃப்ரீஸுக்குத் தாளம் தப்பாமப் போக அவனுக்கு இன்னொரு ஒண்ணரை வருஷம் ஆச்சு. மேடையில நிக்கிறவனுக்கு அந்த நடுப்பகுதிதான் நடனம். ஃப்ரீஸ் வாக்கியத்தோட முற்றுப்புள்ளி மாதிரி. வெறும் முற்றுப்புள்ளியை மட்டும் வெச்சு யாரும் கதை எழுத முடியாது.

நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, அனிமேஷன்ல கீ-ஃப்ரேம்னு ஒண்ணு உண்டு இல்லையா? ஆரம்ப நிலை ஒண்ணு, முடிவு நிலை ஒண்ணு வரைஞ்சு வெச்சுட்டா, நடுவுல வர்ற ஃப்ரேம்களை மென்பொருள் போட்டுக்கும். நடனத்துல அந்த நடு ஃப்ரேம்களைப் போடற மென்பொருள் கிடையாது. அதைப் போடறது ஒரு மனுஷ உடம்பு. அதுக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னொரு மனுஷ உடம்பு.

இப்போ திரும்பக் கோபுரத்துக்கு வாங்க. அந்தச் சதுரத்துல இருக்கறதும் ஒரு ஃப்ரீஸ்தான். கல்லுல அதைத்தானே செதுக்க முடியும்? இதுல ஒரு நூற்றாண்டுக் குழப்பமே ஒளிஞ்சிருக்கு.

1914-ஐ ஒட்டி வந்த கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையில சிதம்பரம் சிற்பங்கள் 93-ஐ அடையாளம் கண்டு வெளியிட்டாங்க. 1936-ல 'தாண்டவ லட்சணம்'னு ஒரு புத்தகம் வந்துது. நாட்டிய சாஸ்திரத்து நாலாம் அத்தியாயத்தை இந்தச் சிற்பப் படங்களோட மூணு பேர் சேர்ந்து ஆங்கிலத்துல கொண்டுவந்தாங்க. அதுல ஒருத்தர் பி.வி. நாராயணசாமி நாயுடு. அவர் யார் தெரியுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பொருளாதாரப் பேராசிரியர்! 1929-ல தொடங்கின பல்கலைக்கழகம், கோயில்லேர்ந்து கூப்பிடு தூரம். பாடம் எடுக்கிற நேரம் போக மீதி நேரத்துல இதுல இறங்கியிருக்காரு. பொட்டி தட்டறவன் வரலாறு எழுதலாமான்னு யாராவது கேட்டா இவரைத்தான் கைகாட்டப் போறேன்.

இந்த மாதிரி முயற்சிகளால கரணங்கள் வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது. ஆனா கூடவே ஒரு எண்ணமும் பரவிடுச்சு: கரணம்னா ஒரு போஸ், 108 கரணம்னா 108 போஸ். புத்தகத்துல படமா பார்த்தா அப்படித்தானே தோணும்?

நாட்டிய சாஸ்திரம் அப்படிச் சொல்லல. கையும் காலும் சேர்ந்து இயங்கற இயக்கத்துக்குத்தான் அது கரணம்னு பேர் வைக்குது. இதைத் தன்னோட உடம்பாலயே ஆடிக் காட்டி வாதாடினவர் பத்மா சுப்ரமண்யம். வழுவூர் ராமையா பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்டவர். கரணங்களைப் பத்தின முனைவர் பட்ட ஆய்வை அவர் செஞ்சதும் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலதான். நிக்கிற நிலை ஒண்ணு, காலோட போக்கு ஒண்ணு, கையோட போக்கு ஒண்ணு, இந்த மூணும் சேர்ந்தாத்தான் ஒரு கரணம். சிற்பி அதுல ஏதோ ஒரு கணத்தைப் பிடிச்சுச் செதுக்கியிருக்காரு. அது ஆரம்பமா இருக்கலாம், நடுவா இருக்கலாம், முடிவா இருக்கலாம். அதனாலதான் ஒரே கரணம் தஞ்சாவூர்ல ஒரு மாதிரியும் சிதம்பரத்துல வேற மாதிரியும் தெரியுதுன்னு அவர் விளக்கினாரு. 2024-ல அவருக்குப் பத்ம விபூஷண் கிடைச்சுது.

இது எவ்வளவு பெரிய வேலைன்னு ஒரு டெவலப்பருக்குத்தான் சட்டுனு புரியும். டாக்குமென்டேஷன் இருக்கு. ஸ்கிரீன்ஷாட் 108 இருக்கு. ஆனா ஓடற கோடும் இல்ல, எழுதினவனும் இல்ல. இதை வெச்சுக்கிட்டு மொத்தத்தையும் திரும்ப எழுதணும். எழுதினாங்க. "இது அசல்தானா?"ன்னு சண்டையும் நடந்துது. நடக்கத்தான் செய்யும். நடுப்பகுதியைப் பார்த்தவங்க யாரும் உயிரோட இல்லையே.

ஏன் இல்ல? இங்கதான் விஷயம் கொஞ்சம் வலிக்கும்.

தஞ்சாவூர் பெரிய கோயில்ல விமானத்தோட மேல்தளச் சுற்றுல 81 கரணம் செதுக்கியிருக்கு. மீதி 27 கல்லு வெறுமையா கிடக்கு. அங்க ஆடறது நாலு கையோட சிவன். ஆனா சிதம்பரம் கோபுரங்கள்ல ஆடறது பெண்கள். சில சதுரங்கள்ல ரெண்டு பக்கமும் தாளக்காரங்க, மத்தளக்காரங்க கூட இருக்காங்க. அதாவது லைவ் ஷோ! விருத்தாசலம் கோயில் கோபுரத்துலயும் இந்தக் கரண வரிசை உண்டு. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு நடன நூலகம்.

இந்தப் பெண்கள் யாரு? கல்லுல ஒவ்வொரு கரணத்துக்கும் சமஸ்கிருதச் சுலோகம் இருக்கு. எந்தப் பொண்ணு ஆடிக் காட்டினாள்னு இல்ல.

ஆனா தஞ்சாவூர்ல பேர் இருக்கு. 1014 வாக்குல வெட்டின ராஜராஜனோட கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரிசையா பட்டியல் போடுது. பேர் என்ன, எந்தக் கோயில்லேர்ந்து வந்தவங்க, எந்தத் தெருவுல எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு எவ்வளவு நெல்லு. ஆளுக்கு ஒரு வீடு, 100 கலம் நெல். சோழர் காலத்து பே-ரோல்! சம்பளப் பட்டியலா இருக்கறதாலதான் பேராவது தப்பிச்சுது.

அந்தப் பெண்கள் வழியில வந்த சமூகம் பல நூற்றாண்டுக்கு அப்புறம் தேவதாசிங்கற பேருக்குள்ள வந்து நின்னுது. 19-ம் நூற்றாண்டுக் கடைசியில நாட்டிய எதிர்ப்பு இயக்கம் ஆரம்பமாச்சு. 1947-ல சென்னை மாகாணத்துல தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்துது. இதை ஒரே வரியில நல்லது, கெட்டதுன்னு எழுத என்னால முடியாது. சட்டத்துக்காகப் போராடின முத்துலட்சுமி ரெட்டியும், அந்தச் சமூகத்துக்குள்ளேர்ந்தே எழும்பி வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மாளும் பார்த்தது, சின்னப் பிள்ளைகளைப் பொட்டுக்கட்டி விடற கொடுமையை. அதை நிறுத்தினது சரி. அதே நேரத்துல பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரியானவங்க, "எங்க கலையையும் சொத்தையும் சேர்த்தே பிடுங்கறீங்களே"ன்னு எதிர்த்துக் கேட்டதுலயும் நியாயம் இருந்துது.

இன்னொரு பக்கம் அதே நடனத்துக்கு மரியாதை கூடிக்கிட்டே வந்துது. 1930-களோட ஆரம்பத்துல இ. கிருஷ்ணய்யர் முயற்சியில மியூசிக் அகாடமி மேடையில சதிர் ஏறுது. முதல்ல ஏறினது அந்தச் சமூகத்துப் பெண்களேதான். பரதநாட்டியம்னு பேரும் நிலைக்குது. 1935-ல ருக்மிணி தேவி ஆடறாங்க, 1936-ல கலாக்ஷேத்ரா வருது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கத்துக்கலாம்ங்கற நிலைமை வருது. கதவு திறந்துது, ஆனா ஏற்கெனவே உள்ள இருந்தவங்க பின் வாசல் வழியா வெளிய போயிட்டாங்க.

கரணங்களோட நடுப்பகுதி 1947-லதான் தொலைஞ்சுதுன்னு நான் சொல்ல வரல. அதுல பெரும்பகுதி அதுக்கு ரொம்ப முன்னாடியே வழக்கத்துலேர்ந்து போயிருச்சு. 19-ம் நூற்றாண்டுல தஞ்சை நால்வர் ஒழுங்கு பண்ணிக் கொடுத்த சதிர் வேற மாதிரி. ஆனா சதிருக்குன்னு ஒரு நடுப்பகுதி இருந்துது இல்லையா? ஒரு பதத்தோட ஒரே வரியை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி, அந்த நிமிஷத்துல தோணறபடி பாவம் பிடிக்கிறது. அது புத்தகத்துல கிடையாது. அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்கு, பாட்டிகிட்டேர்ந்து பேத்திக்கு வர்றது. அந்தப் பரம்பரையில வந்த பாலசரஸ்வதி (1918-1984) அதுல உலகப் புகழ் வாங்கினாங்க. 1960-கள்ல அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல சொல்லிக் கொடுத்தாங்க. அவங்களை மாதிரி பேர் வாங்காத எத்தனையோ பேர் வீட்டுல சலங்கையை மூட்டை கட்டிப் பரண்ல போட்டாச்சு. பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தா கல்யாணம் ஆகாதுங்கற பயம். பாணிகளுக்கு பந்தநல்லூர், வழுவூர்னு நட்டுவனார்களோட ஊர்ப் பேர் நின்னுது. ஆடின பெண்களோட பேர் நிக்கல.

இப்போ ஒரு வருஷத்தைக் குறிச்சுக்கங்க. 1981.

அந்த வருஷம் சிதம்பரத்துல நாட்டியாஞ்சலி ஆரம்பமாச்சு. இந்த யோசனைக்குப் பின்னால கபிலா வாத்ஸ்யாயனும், தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியும் இருந்தாங்க. மகா சிவராத்திரியை ஒட்டி அஞ்சு நாள், கோயில் வளாகத்துல நடனக் கலைஞர்கள் வந்து நடராசருக்குக் காணிக்கையா ஆடணும். சட்டம் வந்து 34 வருஷம் கழிச்சு, கரணப் பெண்கள் நிக்கிற கோபுரத்துக்குள்ள திரும்பவும் சலங்கைச் சத்தம். பரதம் மட்டும் இல்ல, ஒடிசி, கதக், குச்சிப்புடி, மோகினியாட்டம்னு நாடு முழுக்க இருந்து வந்தாங்க. (2010-களோட நடுவுல விழா ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணு வெளிய நடக்க, தீட்சிதர்கள் உள்ள தனியா ஒண்ணு நடத்த ஆரம்பிச்சது தனிக்கதை.)

அதே 1981 ஆகஸ்ட். நியூயார்க் லிங்கன் சென்டர். ஆப்பராவும் பாலேவும் நடக்கிற, கோட்டு சூட்டு போட்டவங்க போற இடம். அதோட திறந்தவெளியில ராக் ஸ்டெடி க்ரூவுக்கும் டைனமிக் ராக்கர்ஸுக்கும் பேட்டில். பிராங்ஸ் தெருவுல அட்டை விரிச்சு ஆடினது, ஊரோட பெரிய கலை மாளிகை முன்னாடி வந்து நின்னுது.

ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்தது தற்செயல்தான். ஆனா ரெண்டுலயும் வட்டத்துல ஆடின ஆட்டம் மேடைக்கு வருது. வித்தியாசம் என்னன்னா, லிங்கன் சென்டர்ல ஆடினது அந்த ஆட்டத்தை உருவாக்கின தெருப் பிள்ளைகளேதான். முதல் தலைமுறைக் கறுப்பினப் பசங்கள்ல நிறைய பேர் 1970-கள் கடைசியில ஆட்டத்தை விட்டுட்டாங்க. அவங்ககிட்டேர்ந்து கத்துக்கிட்ட போர்ட்டோ ரிக்கோ பசங்க, கிரேஸி லெக்ஸ்ங்கற ரிச்சர்ட் கோலோன் மாதிரியானவங்க, விடாம இழுத்துக்கிட்டு வந்தாங்க. 1983, 84-ல சினிமா வந்துது, உலகமே ஆடிச்சு. ரெண்டு மூணு வருஷத்துல ஃபேஷன் முடிஞ்சு மீடியா கைவிட்டுது. ஆனா ஐரோப்பாவுலயும் ஜப்பான்லயும் பசங்க விடல. 1990-ல ஜெர்மனியில பேட்டில் ஆஃப் தி இயர் ஆரம்பமாச்சு. ரெண்டு தடவை அறுந்து போயிருக்க வேண்டிய கயிறு. அறுந்து போகல, ஏன்னா சொல்லிக் கொடுக்க உடம்புகள் இருந்துது.

இங்க டாக்குமென்டேஷன் இருந்தும் டெவலப்பர் போயிட்டாங்க. அங்க டாக்குமென்டேஷன் ஒரு வரி கூட இல்ல, ஆனா டெவலப்பர் இருந்தாங்க. எது பொழைச்சுதுன்னு பாருங்க. நான் சொல்ல வந்த விஷயமே இவ்வளவுதான்.

ஹிப்ஹாப் வட்டத்துல ஒரு எழுதப்படாத சட்டமும் உண்டு. இன்னொருத்தனோட மூவை அப்படியே அடிச்சா அதுக்குப் பேர் "பைட்டிங்", கடிக்கிறது. மானம் போயிடும். எடுத்துக்கலாம், ஆனா உன்னோடதை ஏதாவது சேர்க்கணும், யார்கிட்டேர்ந்து எடுத்தோம்ங்கறது தெரிஞ்சிருக்கணும். நம்ம கோபுரத்துப் பெண்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

நம்ம பக்கத்துல அறுந்து போகாத கயிறு ஒண்ணு இருக்கு. அதை நாம கோபுரத்துக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசி கூடக் குடுக்கல. தெருக்கூத்து. தென்னார்க்காடு முழுக்க திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவுல ராத்திரி பூரா நடக்கும். சுத்தி ஜனம், முகவீணை, தாளம், ரெண்டு பேர் பிடிக்கிற திரை. கட்டை கட்டின நடிகர் களரியில சுழன்று சுழன்று ஆடற ஆட்டத்துக்கு கிறிக்கின்னு பேர். பாவாடை மாதிரி விரிஞ்ச உடையோட, அவ்வளவு எடையைச் சுமந்துக்கிட்டு, தாளம் தப்பாம சுத்தி, சட்டுனு நின்னு பாட ஆரம்பிப்பாங்க. பவர் மூவ், ஃப்ரீஸ், அதுக்கு மேல ராப்! இதை ஆடறவங்க பெரும்பாலும் விவசாயக் கூலிங்க, சின்ன விவசாயிங்க. சான்றிதழ் கிடையாது. அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு, வாத்தியார்கிட்டேர்ந்து சிஷ்யனுக்கு, உடம்புலேர்ந்து உடம்புக்கு. கரணம்ங்கற சொல் கழைக்கூத்தாடிக்கும் சொந்தம்னு முன்னாடி சொன்னேனே, அது இதுக்குத்தான். தெருவுல ஆடறவங்ககிட்டதான் நடுப்பகுதி தங்கியிருக்கு.

எங்க தலைமுறைக்கு ஹிப்ஹாப் ஆசையை ஊட்டினது டிவி. பிரபுதேவா 'ஜென்டில்மேன்'லயும் (1993) 'காதலன்'லயும் (1994) ஆடினதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தோம். அவர் பரதமும் முறையா கத்துக்கிட்டவர். அந்தக் கால் வேகத்துலயும் தாளக் கணக்குலயும் அது தெரியும். ஆனா சினிமாவுல ஒரு சிக்கல் உண்டு. எடிட்டிங். ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல வெட்டிடறாங்க. கிளைமாக்ஸ் போஸ் இருக்கும், அதுக்கு எப்படிப் போனாங்கன்னு இருக்காது. கல்லுல செதுக்கின சிற்பிக்கு வேற வழி இல்ல. நமக்கு வழி இருந்தும் வெட்டறோம். இப்போ முப்பது விநாடி ரீல்ஸ்ல இன்னும் மோசம், வெறும் ஃப்ரீஸா ஓடிக்கிட்டு இருக்கு.

லைவ் ஷோவோட மதிப்பு இங்கதான். போன வருஷம் சென்னையில ஒரு சின்னக் கூடத்துல நடந்த பேட்டிலுக்குப் போயிருந்தேன். என்ன பாட்டு வரும்னு ஆடறவனுக்கே தெரியாது, டி.ஜே. போடறதுதான். பவர் மூவ் போட்ட பையனுக்குக் கூட்டம் விசில் அடிச்சுது. சுத்தி நின்ன பழைய டான்சர்கள் கையைத் தூக்கினது வேற ஒரு பொண்ணுக்கு. கை வழுக்கி ஃப்ரீஸ் தவறுது. அந்த வழுக்கலையே ஒரு ஸ்டெப்பா மாத்தி, அடுத்த தாளத்துல சரியா எழுந்துது. அரை விநாடி சமாச்சாரம். கண் சிமிட்டினா போச்சு. கேமராவுல பார்த்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது.

2024 ஆகஸ்ட் 9, 10-ல பிரேக்கிங் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கே வந்துது. பெண்கள்ல ஜப்பானோட ஆமி, ஆண்கள்ல கனடாவோட ஃபில் விசர்டு தங்கம் வாங்கினாங்க. உத்தி, சொல்வளம், செய்நேர்த்தி, இசையறிவு, தனித்தன்மைன்னு அஞ்சு தலைப்புல சமமா மதிப்பெண். சொல்வளம், கவனிங்க! ஆட்டத்தை மொழியா பார்க்கறாங்க. ஆமி பேர் வாங்கினது ஃபுட்வொர்க்குக்கும் தடையில்லாத ஓட்டத்துக்கும்தான், அதாவது நடுப்பகுதிக்கு. ஆனா உலகம் முழுக்கப் பரவினது என்ன? தோத்துப் போன ஒரு ஆஸ்திரேலியப் போட்டியாளரோட சில விநாடி துண்டு வீடியோ. தங்கம் வாங்கின ஆட்டத்தை முழுசா பார்த்தவங்க எத்தனை பேர்? 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸ் பட்டியல்ல பிரேக்கிங் இல்ல. பிறந்த நாட்டுலயே இடம் இல்ல. அதனால அது சாகப் போறதில்ல. அட்டை விரிக்கிற இடம் இருக்கற வரைக்கும் இருக்கும்.

நம்ம கதைதான் கவலை. அடுத்த தடவை சிதம்பரம் போனா கோபுர வாசல்ல அஞ்சு நிமிஷம் நில்லுங்க. ஒரு சதுரத்தைப் பாருங்க, அடுத்த சதுரத்தைப் பாருங்க. இந்தப் பொண்ணு இதுக்கு முந்தின கணம் எங்க நின்னிருப்பா, அடுத்த கணம் எங்க போயிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க. அப்படியே மாசி, பங்குனி, சித்திரையில எங்கயாவது கூத்து நடந்தா ஒரு ராத்திரி முழிச்சிருந்து பாருங்க. முடிஞ்சா ஆடினவர் பேரைக் கேட்டு எழுதி வைங்க. ராஜராஜனோட கணக்கப்பிள்ளை செஞ்ச அளவுக்காவது நாமளும் செய்யலாம்.

டிஸ்கி: உங்க ஊர்ல கூத்து வாத்தியார், நட்டுவனார், பழைய சதிர்க் குடும்பம் பத்தி எதாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. அவங்க சம்மதிச்சா மட்டும் பேரோட. தனிப் பதிவா போட்டுடலாம்.